இரண்டு அடுப்பில் பால்: மலைக்கட்டத்தில் ஒரு சைக்கிள் அணி எப்படி இயங்குகிறது?

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் விடியற்காலை நாலு மணிக்குப் போய் நின்று பாருங்கள். அங்கே சும்மா இருப்பவர் மாதிரித் தெரிகிற ஒரே ஆள் மாஸ்டர்தான். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். கோட்டை அடுப்பின் வாயில் குனிந்து விறகு தள்ளுகிறவர் வேறு ஆள். முகம் சிவக்க அண்டாவைக் கிண்டுகிறவர் இன்னொருவர். காய் நறுக்கியவர்கள் ராத்திரியே வேலையை முடித்துவிட்டு ஓரமாகக் கோணியை விரித்துப் படுத்திருப்பார்கள். ஆனால் பாகு கம்பிப் பதம் தொடும் அந்த இரண்டு நிமிஷம் வந்ததும் மாஸ்டர் எழுந்து வருவார். அப்போது அவர் கை நடுங்கக் கூடாது. அதற்காகத்தான் ராத்திரி முழுக்க அவரை யாரும் அனல் பக்கம் விடவில்லை.

2022 ஜூலை 13-ஆம் தேதி டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 11-ஆவது கட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சமையற்கட்டு நினைவுதான் வந்தது. ஆல்பர்ட்வில் என்ற ஊரில் கிளம்பி, ஆல்ப்ஸ் மலையில் டெலிகிராஃப், கலிபியே ஆகிய கணவாய்களைத் தாண்டி, கிரானோன் கணவாயின் உச்சியில் முடியும் சுமார் 152 கிலோமீட்டர். கடைசி 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும்போது டென்மார்க்கின் யோனாஸ் விங்கேகோர் இருக்கையை விட்டு எழுந்து மிதித்தார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஸ்லோவேனியாவின் தாதே பொகாச்சரால் ஒட்டிக்கொள்ள முடியவில்லை. உச்சிக்கு வந்தபோது இருவருக்கும் நடுவில் 2 நிமிடம் 51 விநாடி இருந்தது. முந்தைய இரண்டு வருஷமும் பட்டத்தை வென்றவர், அதுவரை அந்த வருஷமும் யாராலும் அசைக்க முடியாதவராகத் தெரிந்தவர், ஜிப்பைத் திறந்துவிட்ட ஜெர்சி காற்றில் படபடக்க, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

தொலைக்காட்சியில் அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்தவர்கள், ஒருவருக்குப் பலம் இருந்தது, இன்னொருவருக்குத் தீர்ந்துபோனது என்று நினைத்திருப்பார்கள். தவறில்லைதான். ஆனால் பலம் தானாகத் தீரவில்லை. தீர்த்தார்கள். அந்தச் சமையல் கொடியசைத்த நிமிஷமே தொடங்கிவிட்டது.

முதலில் பாத்திர பண்டங்களைப் பார்த்துவிடலாம். டூர் டி பிரான்ஸ் 21 கட்டங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நடக்கும். தினமும் ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்த நேரம் குறைவாக உள்ளவருக்கு மஞ்சள் ஜெர்சி. 2022-இல் 22 அணிகள், அணிக்கு 8 பேர், ஆக 176 பேர். பட்டம் என்னவோ ஒருவருக்குத்தான். மற்ற 7 பேரும் அந்த ஒருவருக்காக மிதிக்கிறவர்கள். பிரெஞ்சில் இவர்களை ‘டொமஸ்டீக்’ என்பார்கள், அதாவது வீட்டு வேலையாள். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் எடுபிடி. பந்தயத்தை உருவாக்கிய ஆன்ரி தெக்ரான்ஞ் 1911-இல் ஒரு வீரரை இகழ்ந்து சொன்ன வார்த்தை அது. மொரீஸ் புரோக்கோ என்பவர் தனக்கு வெற்றி கிடைக்காது என்று தெரிந்ததும் இன்னொரு வீரருக்கு உதவிசெய்து காசு பார்க்கிறார் என்று தெக்ரான்ஞுக்குக் கோபம். பந்தயம் தனிமனிதர்களின் சோதனையாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த வசைச்சொல் இன்று ஒரு கௌரவமான தொழிலின் பெயர். நல்ல எடுபிடியைப் பெரிய சம்பளம் கொடுத்து அழைத்துப்போக அணிகள் போட்டி போடுகின்றன.

எடுபிடியின் முதல் வேலை காற்றை வாங்குவது. சமவெளியில் மணிக்கு 45 கிலோமீட்டரில் போகும்போது உடம்பின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. முன்னால் ஒருவர் போனால் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பாரம் கணிசமாகக் குறையும். கூட்டத்தின் நடுவில் இருந்தால் கேட்கவே வேண்டாம். பெர்ட் பிளாக்கன் என்ற பொறியாளரின் குழு 2018-இல் 121 பேர் கொண்ட ஒரு கூட்டத்தை மாதிரியாக அமைத்துக் காற்றுச் சுரங்கத்தில் அளந்தது. தனியாக ஓட்டுகிறவர் வாங்கும் காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் உள்ளே பாதுகாப்பான இடத்தில் இருப்பவரைத் தொடுகிறது. அடுப்படியில் அனல் எப்படியோ, சாலையில் காற்று அப்படி. யாராவது அதன் முகத்தில் நின்றாக வேண்டும். யார் நிற்பது என்பதுதான் கேள்வி.

மலைக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் காற்று பெரிய எதிரி இல்லை, புவியீர்ப்புதான் எதிரி. கிரானோன் ஏற்றம் 11.3 கிலோமீட்டர், சராசரியாக 9.2 சதவீதம். அதாவது 100 மீட்டர் போனால் ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறியிருப்பீர்கள். முன்னால் போகிறவர் காற்றை மறைக்கலாம்; மலையை மறைக்க முடியாது. அவரவர் எடையை அவரவர்தான் தூக்க வேண்டும்.

அப்படியானால் மலைக்கட்டத்தில் அணி எதற்கு? பலசாலி ஜெயித்துவிட்டுப் போகட்டுமே?

இதற்குப் பதில் விறகில் இருக்கிறது. நம் உடம்பு சர்க்கரையைத் தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கிறது. நல்ல வீரருக்குச் சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். கடும் மலைக்கட்டம் ஒன்றுக்கு இது போதவே போதாது. ஆகவே ஓட்டிக்கொண்டே மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளுகிறார்கள். அதில் ஒரு பங்கு என்ன தெரியுமா? சோறு. குழைய வேகவைத்துக் கட்டியாக்கிக் காகிதத்தில் சுற்றிய சோற்றுத் துண்டங்களை முதுகுப் பையில் செருகிக்கொண்டு ஆல்ப்ஸ் ஏறுகிறார்கள். விங்கேகோரின் யும்போ விஸ்மா அணியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை கிராம் சாப்பிட வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்க ஒரு செயலியே வைத்திருந்தார்கள். மாஸ்டரின் சாமான் லிஸ்ட் மாதிரி.

எவ்வளவு விறகு இருக்கிறது என்பதைவிட அதை எப்படி எரிக்கிறோம் என்பது முக்கியம். சிம்மில் வைத்தால் அதே சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது, அடிக்கடி தீயை ஏற்றி இறக்கினால் எத்தனை நாள் வருகிறது என்பது வீட்டில் சமைக்கிறவர்களுக்குத் தெரியும். உடம்பும் அப்படித்தான். ஒரே சீரான மிதியில், மூச்சு கொண்டுவரும் ஆக்சிஜனை வைத்தே வண்டி ஓடும். கொழுப்பும் கொஞ்சம் கைகொடுக்கும். திடீரென்று பாய்ந்தால் அந்த எல்லை தாண்டுகிறது. சர்க்கரை மளமளவென்று எரிகிறது. தசைக்குள் சேரும் கழிவு வடிய நேரம் பிடிக்கிறது. வடிவதற்குள் இன்னொரு பாய்ச்சல் வந்தால் கடன்மேல் கடன். ஓட்டுகிறவர்கள் இதைத் தீப்பெட்டி கணக்கில் சொல்வார்கள்: காலையில் கிளம்பும்போது எல்லாரிடமும் ஒரு பெட்டி, அதில் எண்ணிக்கையாகச் சில குச்சிகள். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒன்று கிழிக்கிறோம். கிழித்த குச்சி திரும்ப வராது.

மலையில் அணியின் வேலை இதுதான். நம் மாஸ்டரின் குச்சிகளைக் கிழிக்காமல் வைத்திருப்பது. எதிராளியின் குச்சிகளை அவர் கையாலேயே கிழிக்கவைப்பது.

முதல் பாதிக்கு வழி எளிது. ஏற்றத்தில் எடுபிடி ஒருவர் முன்னால் நின்று ஒரே தீயில், கடினமான வேகத்தில் மிதிப்பார். தலைவர் அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வேகம் ஏற்கெனவே அதிகமாக இருப்பதால் மற்றவர்கள் பாய்வதற்கும் யோசிப்பார்கள். ஒருவர் தீர்ந்ததும் ஒதுங்கிக்கொள்வார், அடுத்தவர் முன்னால் வருவார். தீர்ந்தவர் மெல்ல மெல்லப் பின்னால் போய், அதே மாதிரித் தீர்ந்துபோன மற்ற அணிக்காரர்களோடு சேர்ந்து, நேர வரம்புக்குள் வந்து சேர்ந்தால் போதும் என்று ஓட்டுவார். வரம்பைத் தாண்டினால் பந்தயத்தை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். வேலை முடிந்தபின்னும் கணக்குப் பார்த்துக்கொண்டுதான் வீடு வர வேண்டியிருக்கிறது, பாவம்.

இரண்டாம் பாதி, எதிராளியின் குச்சிகளைக் கிழிக்கவைப்பது, கஷ்டமான வேலை. அதுதான் அன்று நடந்தது.

அன்று காலை நிலவரம் இது: பொகாச்சர் முதலிடம். விங்கேகோர் 39 விநாடி பின்னால். விங்கேகோரின் அணியிலேயே ப்ரிமோஷ் ரோக்லிச் என்ற இன்னொரு பெரிய கை, 2 நிமிடம் 52 விநாடி பின்னால். ரோக்லிச்சும் ஸ்லோவேனியாக்காரர். பந்தயத்துக்கு வரும்போது விங்கேகோரும் அவரும் இணைத்தலைவர்கள். 5-ஆவது கட்டத்தில், கல் பாவிய பழைய வண்டிப் பாதையில் போகும் நாளில், ரோக்லிச் விழுந்து, அவர் தோள்பட்டை கழன்றுவிட்டது. சாலையோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரின் நாற்காலியை வாங்கி உட்கார்ந்து, தானே மூட்டைத் திரும்பப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். அன்று இழந்த நேரம்தான் அந்த 2:52-இல் பெரும்பங்கு.

பொகாச்சரின் அணியான யூஏஇ டீம் எமிரேட்ஸ் சமையற்கட்டிலோ ஆள் பற்றாக்குறை. கொரோனா தொற்றால் 2 பேர் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார்கள். மலையில் அவருக்குக் கடைசிவரை துணை நிற்கக்கூடிய ரஃபாவ் மைக்காவுக்கும் தொற்று இருந்தது. மற்றவருக்குப் பரவும் அளவுக்கு இல்லை என்று சொல்லித் தொடர அனுமதித்திருந்தார்கள். மஞ்சள் ஜெர்சி யாரிடம் இருக்கிறதோ அந்த அணிதான் முன்னால் நின்று கூட்டத்தைக் கட்டியாள வேண்டும் என்பது பந்தயத்தில் எழுதாத சட்டம். கல்யாண வீட்டுக்காரர்தான் பந்தி விசாரிக்க வேண்டும் என்பதுபோல. அதற்கு அவர்களிடம் தலைவரையும் சேர்த்து மிஞ்சியது 6 பேர்.

கொடியசைத்ததும் யும்போ விஸ்மாவின் வவுட் வான் ஆர்ட் பாய்ந்தார். கூடவே நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல். பின்னர் ஒரு பெரிய கூட்டம் அவர்களோடு சேர்ந்தது. அதில் யும்போ விஸ்மாவின் கிறிஸ்தோஃப் லாபோர்ட்டும் இருந்தார். இப்படி முன்னால் ஓடிப்போகிற கூட்டத்தைப் பெரும்பாலும் யாரும் துரத்துவதில்லை. மொத்த நேரக் கணக்கில் ஆபத்தில்லாதவர்கள் என்றால் 5 நிமிடம், 10 நிமிடம்கூட விட்டுக்கொடுப்பார்கள். பந்திக்கு முன்னால் அழுகிற குழந்தைக்குக் கிண்ணத்தில் கொஞ்சம் பாயசம் ஊற்றிக்கொடுத்துவிடுகிறோமே, அந்த மாதிரி. சமையற்கட்டும் அமைதியாக இருக்கும். (வான் டெர் பூல் அந்தப் பாயசத்தையும் முழுசாகக் குடிக்கவில்லை. அன்றே நடுவழியில் பந்தயத்தைவிட்டு விலகிவிட்டார்.)

ஆனால் யும்போ விஸ்மாவின் ஆட்கள் முன்னால் போனது பாயசத்துக்காக இல்லை. மண்டபத்துக்கு முன்னாலேயே ஆள் அனுப்பி அடுப்பு மூட்டிவைக்கச் சொல்வோம் அல்லவா? மாஸ்டர் வந்து இறங்கும்போது உலை கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். மலையில் வேகம் கூடும்போது தலைவரின் எடுபிடிகள் ஒவ்வொருவராகக் கழன்றுபோவார்கள். ஏற்றம் முடிந்து பள்ளத்தாக்கு வரும்போது, மறுபடி காற்று எதிரியாக மாறும் இடத்தில், தலைவர் தனியாக நிற்பார். அப்போது ஏற்கெனவே முன்னால் அனுப்பிவைத்த ஆள் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, தலைவர் வந்ததும் அவருக்கு முன்னால் நின்றுகொள்வார். ஏற்றத்தில் தலைவரோடு ஒட்டிக்கொள்ளப் போதிய கால் இல்லாத, கனத்த உடம்புக்காரருக்கும் மலைக்கட்டத்தில் வேலை இருப்பது இப்படித்தான். கூடவே வர முடியாதவரை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், அவ்வளவே சூட்சுமம்.

இனி நான் நெடுநேரம் நிற்க விரும்பும் இடம்.

டெலிகிராஃப் ஏற்றத்திலும் அதன் இறக்கத்திலும் யும்போ விஸ்மா சூட்டை ஏற்றியது. டீஷ் பெனூட் முன்னால் இழுத்தார், ரோக்லிச் பாய்ந்தார். கலிபியேயின் அடிவாரத்தில் பார்த்தால் மஞ்சள் ஜெர்சிக்குப் பக்கத்தில் அவருடைய ஆள் ஒருவர்கூட இல்லை. இருந்தது ரோக்லிச், விங்கேகோர், பிரிட்டனின் கெரைன்ட் தாமஸ். இலக்குக்கு இன்னும் 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. சாதாரணமாகப் பெரிய தலைவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து மோதிக்கொள்ள மாட்டார்கள்.

அங்கே ரோக்லிச் பாய்ந்தார். பொகாச்சர் துரத்திப் பிடித்தார். பிடித்து மூச்சு விடுவதற்குள் விங்கேகோர் பாய்ந்தார். பொகாச்சர் துரத்திப் பிடித்தார். மறுபடி ரோக்லிச். மறுபடி விங்கேகோர்.

வீட்டில் இரண்டு அடுப்பிலும் பாலை வைத்துவிட்டு ஒற்றை ஆளாக நின்றிருக்கிறீர்களா? இந்தப் பக்கம் பொங்கி வரும். ஓடிப்போய் ஊதித் தீயைக் குறைப்பீர்கள். அது அடங்குவதற்குள் அந்தப் பக்கம் நுரை விளிம்புக்கு வந்திருக்கும். ஓடுவீர்கள். பால் என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ஓடுகிறது நீங்கள் மட்டும்தான்.

இதன் கணக்கு ஒரு சின்னக் குழந்தைக்கும் புரியும். பத்துத் தடவை பாய்ச்சல் நடந்தால் ரோக்லிச் ஐந்து, விங்கேகோர் ஐந்து. பொகாச்சர் பத்து. அது மட்டுமில்லை. ரோக்லிச் பாயும்போது விங்கேகோர் என்ன செய்கிறார்? பொகாச்சரின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா வருகிறார். தன் அணிக்காரரைத் துரத்த வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. துரத்துகிற செலவு முழுக்கப் பொகாச்சருடையது. கூடவே எதிராளியையும் இழுத்துக்கொண்டு போகிற வேலை.

சமையற்கட்டு உவமை கொஞ்சம் இடறுவதும் இந்த இடத்தில்தான். எந்தக் கல்யாணத்திலும் எதிரி வீட்டு மாஸ்டர் நம் அடுப்பில் குளிர் காய்வதில்லை. சைக்கிள் பந்தயத்தில் காய்வார். நீங்கள் மூட்டிய தீ, நீங்கள் மறைத்த காற்று எல்லாவற்றையும் உங்களை வீழ்த்த வந்தவரும் ஓசியில் அனுபவிப்பார். சட்டத்தில் அதற்குத் தடையே கிடையாது. வேறு எந்த விளையாட்டில் எதிராளியின் முதுகு இவ்வளவு வசதியான இடம் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

இந்த உத்தி பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பாத்திரத்திலும் பால் இருக்க வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர் என்றால் யாரும் ஓடமாட்டார்கள். கொதித்துவிட்டுப் போகட்டும் என்று விடுவார்கள். ரோக்லிச் 20 நிமிடம் பின்தங்கியிருந்தால் பொகாச்சர் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். 2:52 என்பது சங்கடமான எண். விட்டுவிடலாம் போலவும் இருக்கிறது; விடக் கூடாது போலவும் இருக்கிறது. ரோக்லிச்சோ ஸ்பெயின் சுற்றுப்பந்தயத்தைத் தொடர்ந்து மூன்று வருஷம் வென்றவர். 2020 டூரில் கடைசிக்கு முந்தின நாள்வரை மஞ்சள் ஜெர்சியில் இருந்தவர். அதைப் பறித்தது பொகாச்சரேதான். அப்படிப்பட்ட ஆளை மலையில் தனியாக விடுவதா?

விட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு பால் வழிந்து அடுப்பு நாறினாலும் பரவாயில்லை என்று விங்கேகோர் என்ற ஒற்றைப் பாத்திரத்தின் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். ரோக்லிச் தனியாக ஒரு நிமிடம் முன்னால் போயிருந்தாலும் அவரைத் துரத்த வேண்டிய அவசியம் தாமஸ், பார்தே, யேட்ஸ் என்று முன்வரிசையில் இருந்த மற்ற அணித் தலைகள் எல்லாருக்கும் இருந்தது. அவர்களுடைய அணிகள் விறகு செலவழித்திருக்கும். ஆனால் இதை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். 23 வயதில், உலகத்தில் தன்னை விட்டுவிட்டு ஓட ஒருவரும் இல்லை என்று காலும் மனசும் சொல்லும்போது, கண்ணெதிரே பாய்கிறவரைப் போ என்று விடுவது எவ்வளவு கஷ்டம்! பொகாச்சர் தப்பிக்கப் பார்க்கிற ஆள் இல்லை. பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் பதில் சொன்னது போதாதென்று கலிபியேயில் அவரே தீயை ஏற்றினார். ரோக்லிச் கழன்றார், தாமஸ் கழன்றார். விங்கேகோர் மட்டும் நிழல்போல ஒட்டிக்கொண்டு வந்தார்.

இதற்கிடையில் தாமஸைக் கவனிக்க வேண்டும். 36 வயது, 2018-இல் பட்டம் வென்றவர், இப்போது அவர்மேல் யாருக்கும் பெரிய கவனம் இல்லை. மற்ற மூவரும் பாய்ந்தபோது அவர் பாயவில்லை. தன் தீயைத் தன் அளவிலேயே வைத்துக்கொண்டு பின்தங்கினார். பாய்ந்தவர்கள் மூச்சு வாங்க நின்றபோது அசைந்தசைந்து வந்து சேர்ந்தார். மறுபடி பின்தங்கினார், மறுபடி வந்தார். பார்க்க விறுவிறுப்பே இல்லாத ஓட்டம். ஆனால் பந்தயம் முடிந்த பாரிஸில் மேடையின் மூன்றாம் படியில் நின்றவர் அவர்தான். அன்றைய நாளில் மிகச் சிக்கனமாகச் சமைத்தவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

கலிபியே உச்சி 2642 மீட்டர். அதைத் தாண்டினால் கிரானோன் அடிவாரம்வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம், கீழே பள்ளத்தாக்கு. இந்தப் பகுதியில் பந்தயம் தன்னைத் தானே ஆற்றிக்கொண்டது. கழன்றவர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். யும்போ விஸ்மாவின் ஆட்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். பொகாச்சருக்கும் மைக்கா வந்து சேர்ந்தார். வெளிப்பார்வைக்கு எல்லாம் பழையபடி. மஞ்சள் ஜெர்சி முன்வரிசையில் இருக்கிறது, முகத்தில் கலவரம் இல்லை. கிரானோன் ஏற்றம் தொடங்கியபோது முன்னால் நின்று வேகம் கொடுத்தவரே மைக்காதான்.

அரிசி உள்ளே வெந்துவிட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கித்தான் பார்க்க வேண்டும். யும்போ விஸ்மாவும் அந்தப் பருக்கையைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கொலம்பியாவின் நைரோ கின்டானா பாய்ந்தார், பிரான்ஸின் ரொமெய்ன் பார்தே பாய்ந்தார், பொகாச்சர் அசையவில்லை. அவர்கள் ஆபத்தில்லாதவர்கள் என்று விட்டாரா, முடியாமல் விட்டாரா? அதுவரை எதையும் விடாதவர் இப்போது விடுகிறார். பருக்கை நசுங்கியது. விங்கேகோர் எழுந்தார்.

அதற்குப் பின் நடந்ததில் உத்தி என்று ஒன்றுமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் இடைவெளி கூடியது. வெகுநேரமாக முன்னால் ஓடி, கடைசியில் தனியாக மிஞ்சியிருந்த பிரான்ஸின் வாரன் பார்கிலை விங்கேகோர் தாண்டினார். 2413 மீட்டர் உயரத்தில் தனியாக வந்து சேர்ந்தார். கின்டானா 59 விநாடி கழித்து வந்தார். பொகாச்சர் ஏழாவதாக வந்தார். மொத்தக் கணக்கில் விங்கேகோருக்கு அடுத்து 2 நிமிடம் 16 விநாடியில் பார்தே, 2:22-இல் பொகாச்சர். கடைசியில் பாரிஸில் விங்கேகோர் வென்ற வித்தியாசம் 2:43. பந்தயத்தின் எடை பெரும்பாலும் அந்த ஒரு பிற்பகலில் இறங்கியது என்று சொன்னால் மிகையாகாது. சமையற்கட்டு உவமையை வலிந்து இழுக்கிறேன் என்று யாராவது நினைத்தால் இன்னொரு தகவல்: இந்த விங்கேகோர் முழுநேர வீரராவதற்குமுன் டென்மார்க் கடற்கரையில் ஒரு மீன் ஆலையில் காலை வேலை பார்த்தவர். மீனைச் சுத்தம் செய்து பனிக்கட்டியில் அடுக்கிவிட்டு மத்தியானம் சைக்கிள் பயிற்சிக்குப் போவார்.

கிரானோனுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1986-இல் டூர் முதன்முறையாக அந்த உச்சியில் முடிந்தது. அன்று மஞ்சள் ஜெர்சியை இழந்தவர் பெர்னார் இனோ, ஐந்து முறை பட்டம் வென்றவர். அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டவர் அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட். இரண்டு பேரும் ஒரே அணி! ஒரு சமையற்கட்டில் இரண்டு மாஸ்டர் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இனோ தனக்கு உதவுவதாக முந்தைய வருஷம் வாக்குக் கொடுத்தார் என்று லெமாண்ட் நம்பினார். இனோவோ பந்தயம் முழுக்கப் பாய்ந்துகொண்டே இருந்தார். எதிராளிகளைக் களைக்கவைப்பதற்காகப் பாய்ந்தேன் என்று விளக்கம் சொன்னார். லெமாண்ட்தான் கடைசியில் வென்றார். ஆனால் அந்த அணியின் மேசையில் அந்த மூன்று வாரமும் யாருக்குச் சோறு இறங்கியிருக்கும் என்று தெரியவில்லை.

36 வருஷம் கழித்து அதே மலைக்கு வந்த யும்போ விஸ்மாவிடமும் இரண்டு மாஸ்டர்கள் இருந்தார்கள். வித்தியாசம் என்னவென்றால், பாயும் ஒவ்வொரு தடவையும் ரோக்லிச்சுக்குத் தன் பங்கு என்ன என்று தெரிந்திருந்தது. துரத்தாமல் விட்டால் தனக்கு லாபம். துரத்தினால் விங்கேகோருக்கு லாபம். ஆக அவர் செய்தது தியாகமா என்று கேட்டால், பாதி தியாகம், பாதி பேராசை. பேராசை உண்மையாக இருந்ததால்தான் பொகாச்சர் நம்பி ஓடினார்.

முன்னாலேயே ஆள் அனுப்பும் உத்தியை அதன் முழு அழகோடு பார்க்க வேண்டுமென்றால், அதே பந்தயத்தில் எட்டு நாள் கழித்து பிரனீஸ் மலையில், ஆட்டகாம் உச்சியில் முடிந்த 18-ஆவது கட்டத்தைப் பார்க்கலாம். அன்றும் வான் ஆர்ட் கொடியசைத்ததுமே ஓடினார். நடுவில் ஸ்பாண்டெல் கணவாய் இறக்கத்தில் பொகாச்சர் விழுந்தபோது விங்கேகோர் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்தார். சேர்ந்ததும் இருவரும் கை பிடித்துக்கொண்டார்கள். சமையற்கட்டில் சண்டை எப்படிப் போனாலும் இலையில் கல் போடக் கூடாது என்று ஒரு முறை உண்டல்லவா, அது. பிறகு ஆட்டகாம் ஏற்றத்தில் யும்போ விஸ்மாவின் செப் குஸ் ஒரே தீயில் இழுத்தார். அவர் தீர்ந்தபோது, தொடக்கத்திலிருந்தே முன்னால் ஓடிக்கொண்டிருந்த வான் ஆர்ட் அங்கே இருந்தார். புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்குத் தரும் பச்சை ஜெர்சிக்காரர், விரைவோட்டத்துக்குப் பேர்போனவர், மலையேறிகளைவிடப் பல கிலோ கூடுதலான உடம்பு. அவர் முன்னால் நின்று மிதித்த மிதியில் பொகாச்சர் கழன்றார். வான் ஆர்ட் அன்று மூன்றாவது. கிளம்பும்போதே மூட்டிய அடுப்பு சாயங்காலம்வரை அணையவில்லை.

பாரிஸில் பட்டம் வென்றவருக்கு 5 லட்சம் யூரோ பரிசு. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போகிற வழக்கம் இல்லை. எடுபிடிகள், மெக்கானிக்குகள், உடம்பு பிடித்துவிடுகிறவர்கள் என்று அணிக்குள் பகிர்ந்துகொள்வார்கள். மாஸ்டர் கணக்கு முடித்து ஆளுக்கு ஆள் பிரித்துக்கொடுப்பதைப்போல.

கல்யாண வீட்டில் சமைத்தவர்கள் சாப்பிடுவது எல்லாப் பந்தியும் முடிந்தபின்தான். கிரானோன் உச்சியில் விங்கேகோர் மஞ்சள் ஜெர்சிக்குள் கையை நுழைக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது ரோக்லிச் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். அவர் வந்துசேர்ந்தது 10 நிமிடத்துக்கும் மேல் கழித்து. அதற்குப் பிறகு சில நாள் ஓட்டிவிட்டு, 15-ஆவது கட்டம் கிளம்பும் முன் பந்தயத்தைவிட்டு விலகினார். 5-ஆவது கட்டத்தில் விழுந்தபோது அவருடைய முதுகெலும்பில் 2 எலும்புகள் முறிந்திருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.